ஆயிரத்து இருநூறு பேரும் ஒரு கையெழுத்தும்

வெளியூரிலிருந்து யார் வந்தாலும் கோட்டைக்குக் கூட்டிப்போய், பாதிப் படியில் மூச்சு வாங்கும்போது தேசிங்கு ராஜன் கதையை ஆரம்பிப்பது செஞ்சிக்காரர்களின் பழக்கம். 2025 ஜூலையில் மராட்டியர் கால ராணுவ நிலக்காட்சிகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது எங்கள் கோட்டை மட்டும்தான். அதற்குப் பிறகு கதை சொல்லும் குரலில் கொஞ்சம் மிடுக்கும் ஏறிவிட்டது.

போன மாதம் சித்தி மகள் வந்திருந்தாள். எம்பிபிஎஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். தேசிங்கு கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. ராஜகிரிப் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோது, டாக்டருக்குப் படிக்கிறவளுக்குப் பிடிக்குமே என்று வேறொரு கதையைச் சொன்னேன்.

1690இல் முற்றுகையிட்ட ஔரங்கசீப்பின் படை இந்தக் கோட்டைக்குள் நுழைய 1698 வரை ஆனது. அதே கோட்டையை 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்துவிட்டது. 1761 ஏப்ரலில் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. இடையில் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே இருந்த பத்து வருடத்தைப் பற்றி, அந்தக் காலத்துச் சண்டைகளின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் ஒரு கணக்குச் சொல்கிறார். கோட்டையில் ஒரே நேரத்தில் 100 ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு மேல் இருந்ததில்லையாம். ஆனாலும் அந்தப் பத்து வருடத்தில் 1200 பேர் செத்திருக்கிறார்கள். சண்டையில் செத்தவர்கள் இல்லை. ஊர் ஒத்துக்கொள்ளாமல், நோயில்.

அவள் பாட்டிலை மூடினாள். "காய்ச்சலா, பேதியா? எத்தனாவது நாள்ல செத்தாங்க? என்ன மருந்து குடுத்தாங்க?"

"அதெல்லாம் ஓர்ம் சொல்லல. மொத்தம் 1200ன்னு எண்ணிக்கை மட்டும்தான்."

"அப்போ எங்க லாக்புக் மாதிரிதான்," என்றாள்.

*

லாக்புக் என்றால் என்ன என்று கேட்டேன். போனை எடுத்துக் காட்டினாள்.

இந்தியாவில் எம்பிபிஎஸ் பாடத்திட்டம் 2019இல் பெரிய அளவில் மாறியது. அதற்கு முன்பு நடப்பில் இருந்தது 1997ஆம் ஆண்டு விதிமுறை. புதிய திட்டத்தில் முக்கியமானது, மாணவர் எவ்வளவு படித்தார் என்பதைவிட அவரால் என்ன செய்ய முடிகிறது என்பது. ஊசி போடத் தெரியுமா, நோயாளியிடம் கெட்ட செய்தியைச் சொல்லத் தெரியுமா என்று ஒவ்வொரு திறனுக்கும் ஓர் எண் உண்டு. எந்த எண்ணை எந்தத் தேதியில் செய்தார், முதல் முயற்சியா திரும்பச் செய்ததா, எதிர்பார்த்த அளவுக்கு வந்ததா, ஆசிரியர் என்ன முடிவு செய்தார் என்பதையெல்லாம் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். கடைசிக் கட்டத்தில் ஆசிரியரின் சுருக்கொப்பம். இதுதான் லாக்புக். பல கல்லூரிகளில் இன்னமும் அச்சடித்த நோட்டு. அவள் கல்லூரியில் செயலி. கையெழுத்துக்குப் பதில் பச்சை டிக்.

அந்தச் செயலிக்கு வைத்திருக்கும் பெயர்தான் விசேஷம். 'இ-போர்ட்ஃபோலியோ'.

2022இல் இன்னொன்றும் சேர்ந்தது. ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் 'தத்து' எடுத்து, முதலாண்டு முதல் அவர்கள் வீட்டுக்குப் போய்வர வேண்டும். அவளுக்கு வாய்த்த ஒரு வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய பாட்டி. சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. அப்படியும் ஒவ்வொரு தடவையும் சர்க்கரை ஏறியே இருந்தது.

நான்காவது தடவை போனதைப் பற்றி லாக்புக்கில் ஆங்கிலத்தில் ஒரே வரி. தமிழில் சொன்னால், 'மருந்தைத் தவறாமல் உட்கொள்வது குறித்து நோயாளிக்கு ஆலோசனை வழங்கப்பட்டது.' பக்கத்தில் பச்சை டிக்.

"நிஜமா என்ன நடந்துச்சு?"

கொஞ்ச நேரம் எதிரே கிருஷ்ணகிரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "திட்டினேன்ணா. அஞ்சு நிமிஷம். கிட்னி போயிடும், கண்ணு போயிடும்னு பயமுறுத்தினேன். பாட்டி சிரிச்சுட்டே கேட்டுது. கிளம்பும்போது மருமக வாசல்ல வந்து சொல்றாங்க. பக்கத்து ஊர்ல பாட்டியோட தங்கச்சி இருக்காங்களாம், அவங்களுக்கும் அதே மாதிரி தலைசுத்தலாம். அதனால பாட்டி ராத்திரி மாத்திரைய சேத்து வச்சு தங்கச்சிக்கு அனுப்பிடுதாம். நாலு தடவ போயிருக்கேன். ஏன் பாட்டி மாத்திர போடலன்னு ஒரு தடவகூட கேக்கல."

"இத எழுதினியா?"

"எங்க எழுதறது? அதுக்குக் கட்டமே கிடையாது." பிறகு சொன்னாள்: "இருந்தாலும் எழுத மாட்டேன். டிக் போடறவர்தான் இன்டர்னல் மார்க்கும் போடறவர்."

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான்.

*

செஞ்சியில் அந்த 1200 பேர் செத்துக்கொண்டிருந்த வருடங்களில், இங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் புதுச்சேரியில் ஒருவர் தினமும் எழுதிக்கொண்டிருந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை, துய்ப்ளேக்ஸின் துபாஷி. 1736இல் தொடங்கி 1761 ஜனவரியில் சாகும்வரை தமிழில் தினப்படிக் குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, துணி விலை, யார் யாரிடம் லஞ்சம் வாங்கினார்கள், துரைக்கு என்ன கோபம், தனக்கு யார் மேல் வருத்தம் என்று எல்லாம் அதில் உண்டு. தன் எஜமானர்களைப் பற்றி அவர் அவ்வளவு தைரியமாக எழுத முடிந்ததற்குக் காரணம் எளிமையானது: எஜமானர்கள் அதைப் படிக்கப்போவதில்லை. அவர் இறந்து 85 வருடம் கழித்து, 1846இல்தான் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அந்தக் குறிப்புகளைக் கண்டெடுத்தார்.

ஆக, யாரும் படிக்கமாட்டார்கள் என்றால் மனிதன் உண்மையை எழுதுவான். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிள்ளை தப்புக்கணக்குப் போட்ட நாளில் 'அப்படி இல்லை, இப்படிப் பாரும்' என்று சொல்ல அந்த நோட்டுக்கு ஆள் இல்லை. டைரியில் உண்மை இருக்கிறது, வாசகர் இல்லை. என் தங்கையின் லாக்புக்கில் வாசகர் இருக்கிறார், உண்மை இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் இருக்க முடியுமா? மருத்துவக் கல்வியில் போர்ட்ஃபோலியோ என்ற ஏற்பாடே இந்தக் கேள்விக்கான முயற்சிதான்.

போர்ட்ஃபோலியோ என்பது ஓவியர்கள் தங்கள் தாள்களைப் போட்டுக் கொண்டுபோகும் பை. இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. நல்ல படம், பாதியில் விட்ட படம், முகம் சரியாக வராத படம் எல்லாம் ஒரே பையில். புரட்டிப் பார்க்கிறவருக்கு இந்தக் கை எப்படி வளர்ந்தது என்று தெரிந்துவிடும். லாக்புக் எத்தனை படம் வரைந்தாய் என்று கேட்கும். போர்ட்ஃபோலியோவின் கேள்வி, அந்த மூக்கு ஏன் கோணலாகப் போனது, அடுத்த தடவை என்ன செய்தாய் என்பது.

இந்தப் பெயர் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே மருத்துவத்தில் இந்தக் காரியம் நடந்திருக்கிறது. அதுவும் செஞ்சிச் சிப்பாய்களைக் கொன்றது எதுவாக இருக்கும் என்று யோசித்தால் முதலில் சந்தேகம் வரும் நோயில், மலேரியாவில்.

ரொனால்ட் ராஸ் இந்தியாவில் ராணுவ மருத்துவர். அவருடைய வழிகாட்டி பேட்ரிக் மேன்சன் லண்டனில். 1895 முதல் 1899 வரை இருவருக்கும் இடையே நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் போய்வந்தன. கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ராஸ் பார்த்தது 1897 ஆகஸ்ட் 20, செகந்திராபாத்தில். பாடப்புத்தகத்தில் அந்த ஒரு நாள்தான் இருக்கும். கடிதங்களில் அதற்கு முந்தைய இரண்டு வருடத் தோல்வி இருக்கிறது. தப்பான வகைக் கொசுவை அறுத்து அறுத்துப் பார்த்தது, கண் வலித்தது, அவநம்பிக்கை. அந்த ஏப்ரலில் ஊட்டிக்கு விடுப்பில் போய், சீகூர் மலைப்பாதைப் பக்கம் தனக்கே மலேரியா வந்ததும் அந்த வருடத்துக் கதைதான். மேன்சனும் சும்மா டிக் போடவில்லை. சந்தேகப்பட்டார், யோசனை சொன்னார், சிலசமயம் தப்பான யோசனையும் சொன்னார். கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடிப்பதால் மலேரியா வருகிறது என்பது மேன்சனின் எண்ணம். அதைச் சோதிக்க ராஸ் அந்தத் தண்ணீரை லட்ச்மன் என்ற வேலைக்காரருக்குக் குடிக்கக் கொடுத்தார். லட்ச்மனுக்குக் காய்ச்சல் வந்தது.

இந்தச் சம்பவத்தை நான் வேண்டுமென்றேதான் சொல்கிறேன். டாக்டர் கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு பாடத்துக்கும் இன்னொருவரின் உடம்பு தேவைப்படுகிறது. ஒருவருடைய போர்ட்ஃபோலியோவில் எப்போதும் இன்னொருவர் இருக்கிறார். ராஸ் அந்த விஷயத்தை மறைத்திருந்தால் நமக்கு லட்ச்மன் என்ற பெயரே கிடைத்திருக்காது. அந்த 1200 பேரில் ஒருவராகியிருப்பார்.

*

இருபதாம் நூற்றாண்டில் இதை ஒரு முறையாக ஆக்கியவர்கள் சிலர். 1968இல் அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் ஒரு கட்டுரை எழுதினார். நோயாளியின் கேஸ் ஷீட் வெறும் பதிவாக இருக்கக் கூடாது, எழுதுகிறவருக்கே அது பாடம் நடத்த வேண்டும் என்பது அவர் வாதம். நோயாளி சொன்னது, நான் பார்த்தது, நான் நினைப்பது, நான் செய்யப்போவது என்று நாலாகப் பிரித்து எழுதச் சொன்னார். இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் எழுதும் 'சோப்' குறிப்பின் மூலம் இதுதான். நினைப்பது தனி வரியில் இருந்தால்தான் நினைப்பு எங்கே பிசகியது என்று இன்னொருவர் காட்ட முடியும். எழுபதுகளில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் இதை அவர் கணினிக்கும் கொண்டுபோனார். 1983இல் டொனால்ட் ஷான், தொழில் தெரிந்தவர்கள் செய்துகொண்டே யோசிப்பதைப் பற்றி ஒரு புத்தகம் எழுத, 'ரிஃப்ளெக்‌ஷன்' என்ற சொல் எல்லாப் பாடத்திட்டத்திலும் நுழைந்தது.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் போர்ட்ஃபோலியோவை நீண்ட காலமாக நடத்திப் பார்த்தவர்கள் கண்டுகொண்டது ஒரு சாதாரண விஷயம். மாணவரோடு உட்கார்ந்து அதைப் படித்துப் பேசும் ஒரு வழிகாட்டி இருந்தால் அது வேலை செய்கிறது, இல்லாவிட்டால் காகிதம் சேர்கிறது. அமெரிக்காவில் கிளீவ்லாந்து கிளினிக்கின் மருத்துவக் கல்லூரி 2004இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது மதிப்பெண்ணே வேண்டாம் என்று முடிவு செய்தது. மாணவரின் வளர்ச்சியைப் போர்ட்ஃபோலியோவிலிருந்து காட்டினால் போதும். பிரிட்டனில் புது டாக்டர்களின் முதல் இரண்டு வருடப் பயிற்சியில் இ-போர்ட்ஃபோலியோ கட்டாயமானது. என்ன செய்தேன், எங்கே தவறினேன், என்ன கற்றேன் என்று இணையத்தில் எழுத வேண்டும். மூத்த மருத்துவர் படிப்பார்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருப்பதாகத்தான் தோன்றியது.

2011 பிப்ரவரி. இங்கிலாந்தின் லெஸ்டர் நகர மருத்துவமனை. ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் கிருமித்தொற்று ரத்தத்தில் பரவி இறந்துபோனான். அன்று பணியில் இருந்த பயிற்சி மருத்துவர் ஹடிசா பாவா கார்பா. பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தவர். அன்றைக்கு ஆள் பற்றாக்குறை, ரத்தப் பரிசோதனை முடிவு தரும் கணினியும் படுத்துவிட்டது. அவர் பக்கமும் தவறுகள் இருந்தன. 2015இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 2018 ஜனவரியில் மருத்துவர் பட்டியலிலிருந்தே அவர் பெயர் நீக்கப்பட்டது. ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது.

இதற்கு நடுவில் ஒரு பேச்சு பரவியது. அவர் தன் இ-போர்ட்ஃபோலியோவில் மனம் திறந்து எழுதியதையே அவருக்கு எதிராக நீதிமன்றத்தில் காட்டிவிட்டார்கள் என்று. போர்ட்ஃபோலியோ ஜூரி முன்பு வைக்கப்படவில்லை என்று அவருக்காக வாதாடிய மருத்துவர் பாதுகாப்பு அமைப்பு பிறகு விளக்கியது. ஆனால் அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. பிரிட்டன் முழுக்க இளம் டாக்டர்கள் பயந்துபோனார்கள். இனி உண்மையை எழுத மாட்டோம் என்று பலர் வெளிப்படையாகவே சொன்னார்கள். அந்த வருடம் ஜூனில் வந்த வில்லியம்ஸ் குழுவின் அறிக்கை, மருத்துவர்கள் தங்களைப் பற்றி எழுதிக்கொள்ளும் இந்தக் குறிப்புகளைக் கேட்டு வாங்கும் அதிகாரம் ஒழுங்குமுறை அமைப்புகளுக்கு இருக்கக் கூடாது என்றது.

தன்னைப் பற்றி உண்மை எழுதுவதற்குத் தேவைப்படும் நம்பிக்கை ஒரு வதந்தியிலேயே உடைந்துவிடுகிறது. என் தங்கைக்கு அந்த வழக்கு தெரியாது. இன்டர்னல் மார்க் தெரியும். பயம் ஒன்றுதான்.

*

நம் ஊரில் வழிகாட்டி எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு வகுப்பில் 150 பேர், சில கல்லூரிகளில் 250 பேர். புற நோயாளிகள் கூட்டத்தைச் சமாளித்து, வகுப்பெடுத்து, சாயங்காலம் 40 பேரின் லாக்புக்கைத் திறக்கும் ஆசிரியர் ஒவ்வொன்றாகப் படிக்க முடியுமா? டிக்தான் போடுவார். அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, பாட்டியைத் திட்டிப் பிரயோஜனம் இல்லாத மாதிரியே. ஏன் என்று கேட்க வேண்டும்.

மின்னணு என்பதால் நல்லது உண்டு. கிராமத்து வாசலில் நின்றபடியே எழுதிவிடலாம், பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டலில் கூட்டமாக உட்கார்ந்து பழைய தேதி போட வேண்டியதில்லை. முதலாண்டில் எழுதியதை நாலாம் ஆண்டில் திரும்பப் படிக்கலாம். கெட்டதும் உண்டு. போனில் ஏறியது எங்கே போய்ச் சேரும் என்று தெரியாது. நோயாளியின் ஊர், பேர், படம் எதுவும் அதில் இருக்கக் கூடாது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் சட்டத்துக்கு முன்னால் இது மரியாதை சம்பந்தப்பட்டது. அந்தப் பாட்டி தன் வீட்டு வாசலைத் திறந்தது ஒரு பெண்ணுக்கு, ஒரு சர்வருக்கு அல்ல.

இன்னொன்று மொழி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார், புத்தகங்களைத் தமிழில் கொண்டுவந்தார். அவர் 1873இல் ஊர் திரும்பினார். அது வேறு பெரிய கதை. எனக்கு அதிலிருந்து சின்ன விஷயம் ஒன்றுதான் வேண்டும். பாட்டி பேசியது தமிழ். திட்டியது தமிழில். வாசலில் நின்றபோது வந்த அவமானமும் தமிழில்தான் வந்திருக்கும். 'ஆலோசனை வழங்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் எழுதும்போது செய்தவள் காணாமல் போகிறாள். பரீட்சைக்கான பகுதி ஆங்கிலத்தில் இருக்கட்டும். யோசிக்கும் பகுதியையாவது யோசித்த மொழியில் எழுத விடலாமே?

எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான். எண்ணிக்கை ஒரு இடத்தில் இருக்கட்டும், அதற்கு மார்க் போடட்டும். தவறை எழுதும் இடம் தனியாக இருக்கட்டும், அதைப் படிப்பவர் மார்க் போடாதவராக இருக்கட்டும். 150 பேரும் மாதத்துக்கு ஒன்று எழுதினால் போதும். ஒன்றைப் படித்து ஒரு கேள்வி கேட்க ஒரு ஆசிரியருக்குப் பத்து நிமிடம் ஆகும்.

*

இறங்கும்போது நெற்களஞ்சியத்துக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்தோம். எத்தனை மூட்டை நெல் கொள்ளும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய கட்டடம். முற்றுகை வருடங்களில் உள்ளே இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள், யாருக்குக் கிடைக்கவில்லை என்று அந்தச் சுவர் சொல்லாது.

அவள் போனில் எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ரொம்ப நேரம். பிறகு காட்டினாள். தமிழில், பாட்டியின் பேர் இல்லாமல், ஊர் இல்லாமல், நடந்தது முழுக்க. 'நான் திட்டினேன்' என்றே ஆரம்பித்திருந்தாள். அவள் கல்லூரியில் வேறொரு துறையில் ஒரு மேடம் இருக்கிறாராம், அவளுக்கு மார்க் போடும் இடத்தில் இல்லாதவர். அவருக்கு அனுப்பலாமா என்று கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அனுப்பிவிட்டாள்.

ராத்திரி சாப்பிடும்போது பதில் வந்தது. பாராட்டு இல்லை, கண்டிப்பும் இல்லை. ஒரே ஒரு கேள்வி.

'தங்கச்சிக்கு யாராவது சுகர் பார்த்தாங்களா?'

சாப்பாட்டை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரிசோதனையே செய்யாத ஒருவர், அக்கா அனுப்பும் மாத்திரையை எத்தனை மாதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்? அந்தத் தலைசுற்றல் சர்க்கரையினால்தானா, ரத்தக் கொதிப்பா, ரத்தசோகையா? அது அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நாங்கள் அதுவரை பாட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

அடுத்த தடவை பக்கத்து ஊருக்கும் போய், அந்தத் தங்கச்சியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போகப் போகிறாளாம். லாக்புக்கில் அதற்கு எண் கிடையாது.